வண்டி நகர்வதற்கு முன்

1

“அப்ப என்னைச் சாகடிச்சிட்டியா?”

“இல்லக்கா. நாலாவது பக்கத்துல லேசா இருமுற. அவ்வளவுதான்.”

“லேசாவா? நான் இருமினா பக்கத்து வீட்டு நாய் எந்திரிச்சு உக்காருது. அதை எழுது.”

“அது கதைக்கு ஒத்து வரல.”

“ஏன் வரல?”

“கதையில பக்கத்து வீடே இல்ல. நீ தனியா ஒரு மலையடிவாரத்துல இருக்க.”

“மாமா?”

“மாமாவ இன்னும் கொண்டு வரல.”

“மனுஷன் உள்ள ரூம்ல உயிரோட உக்காந்து கண்ணாடி தொடைச்சிக்கிட்டு இருக்காரு. அவர விட்டுட்டு என்னை மட்டும் தூக்கிட்டுப் போய் மலையடிவாரத்துல வச்சிருக்க. அங்க யாருடி எனக்கு ஆக்சிஜன் சிலிண்டர் மாத்துறது?”

வாசகரே, இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா என்னிடம் கதை கேட்கவில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு பக்கம். தனக்கு உடம்பு மோசமாகி, வாய் திறந்து பேச முடியாமல் போனால் என்ன வைத்தியம் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று தெளிவாக எழுதிய ஒரு பக்கம். நான் அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாவது வரியில் மலையடிவாரம் வந்துவிட்டது.

2

நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் ஆட்களை அறிமுகப்படுத்தவே அறுபது பக்கம் எடுத்துக்கொள்வார்கள். யாருடைய கொள்ளுத்தாத்தா எந்தப் போரில் காலை இழந்தார் என்பது வரை வந்துவிடும். எனக்கு அவ்வளவு இடம் இல்லை, எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இரண்டு கால்களும் இருந்தன.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ‘கற்றுக்கொடுத்தவள்’ என்று முதலில் எழுதினேன், அவள் முறைத்தாள், மாற்றிவிட்டேன். நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டே போகும் நோய் வந்ததிலிருந்து அவள் வகுப்பு எடுப்பதில்லை. பயிற்சிக் கார் மட்டும் இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறது. ஓட்டுகிறவரின் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிறவரின் காலடியில் இன்னொரு பிரேக். பாதி வாழ்க்கையை அந்தப் பக்கத்து இருக்கையிலேயே கழித்த காரணத்தால், மனிதர்களை அளக்க அக்காவிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு. என் தோழி ஒருத்தி தன் காதலனை வீட்டுக்கு அழைத்து வந்தபோது அக்கா அவனிடம் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, ரிவர்ஸ் எடுக்குறப்ப கண்ணாடியப் பாப்பீங்களா, தலையத் திருப்புவீங்களா?”

மாமா அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. வருகிறவர்களின் மூக்கில் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருகி, “இது தெளிவா, இல்ல இது தெளிவா?” என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்தபின் அவர் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அக்கா அவருக்கு வைத்த பெயர் ஹேண்ட்பிரேக்.

நான் தங்கை. அக்காவுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு இந்த இரண்டு பேரும்தான் என்னை வளர்த்தார்கள். எனக்கு அக்கா வைத்த பெயர் நியூட்ரல். “என்ஜின் நல்லா ஓடும், சத்தமும் வரும், வண்டி மட்டும் நகராது” என்று கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்வாள்.

[வயிற்றுப்பாட்டுக்கு நான் வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அடுப்பு போன்ற சாமான்களோடு வரும் கையேடுகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். ‘மூடியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்’ என்ற வரியை நீங்கள் எங்காவது படித்திருந்தால், அது என் படைப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. இதுவரை அச்சில் வந்த என் எழுத்து அவ்வளவுதான்.]

3

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் எதிரே உட்கார்ந்துதான் பேசினாள். நின்றுகொண்டு பேசவில்லை என்பதாலேயே ஏதோ பெரிய விஷயம் என்று புரிந்துபோனது.

“இந்த நோய் குணமாகாதுன்னு டாக்டர் சொல்லியிருப்பாங்க. மெதுவாப் போகலாம், வேகமாவும் போகலாம். மூச்சு ரொம்பத் திணறினா மெஷின் வைக்கணுமா, வேண்டாமா? ஆஸ்பத்திரிக்கு வரணுமா, வீட்டுலயே பாத்துக்கணுமா? இப்ப தெம்பா இருக்கீங்க, இப்பவே யோசிச்சு எழுதி வைங்க. உங்களால பேச முடியாதப்ப உங்களுக்காகப் பேச ஒரு ஆளையும் முடிவு பண்ணி வைங்க.”

அக்கா தலையை ஆட்டினாள். மாமா சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் முகவரியைக்கூட விடவில்லை.

அடுத்த முறை போகும்போது நான் எழுதிய பக்கத்தை எடுத்துக்கொண்டு போனோம். அதிலிருந்து இரண்டு வரி:

‘என் மூச்சு ஒரு களைத்த பறவையாகிச் சாளரத்தின் விளிம்பில் வந்தமரும்போது கதவுகளை மூடாதீர்கள். ஒளி போதுமென்று தோன்றும் கணத்தில் என்னை நதியிடம் ஒப்படையுங்கள்.’

நர்ஸ் ஒரு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தாள்.

“ரொம்ப நல்லா இருக்கும்மா. இந்த நதின்னு போட்டிருக்கீங்களே, எந்த நதி? ஆம்புலன்ஸ்காரங்க கேப்பாங்க.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்புறம் இந்தக் கதவு. ஐ.சி.யூ. கதவு தானா மூடிக்கும். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது.”

அக்கா சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கடைசியில் ஆக்சிஜன் அளவைக் கூட்ட வேண்டியதாகிவிட்டது. மாமா எழுந்து நின்றுவிட்டார். அக்கா மூக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டே, “இன்னொரு வாட்டி படிங்க சிஸ்டர்” என்றாள்.

நர்ஸ் படிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, குரலை இறக்கிக் கேட்டாள். “ஒளி போதும்னு யாருக்குத் தோணணும்? அவங்களுக்கா, டாக்டருக்கா, உங்களுக்கா?”

எழுதும்போது அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா சொன்னாள். “வாஷிங் மெஷினுக்கு எவ்வளவு தெளிவா எழுதுற. சத்தம் வந்தா நிறுத்து, தண்ணி ஒழுகினா ஆளக் கூப்பிடுன்னு. எனக்கு மட்டும் எதுக்குடி பறவை?”

“வாஷிங் மெஷின் மேல எனக்குப் பாசம் இல்லையே.”

“பாசம் வந்தா பறவையும் வருமா? நல்லவேளை, மாமாவுக்கு எழுத வராது” என்றாள்.

4

அந்தப் பக்கம் தோற்ற பிறகு, அதைக் கதையாகவாவது காப்பாற்றலாம் என்று பார்த்தேன். கைவிட்ட தொடக்கங்கள்:

‘அந்த ஆண்டு இலையுதிர்காலம் சீக்கிரமே வந்தபோது’

(எந்த இலை? எங்கள் தெருவில் இருப்பது விளக்குக் கம்பங்கள்.)

‘அவளுடைய நுரையீரல் ஒரு பழைய துருத்தியைப் போல’

(அக்கா உவமைக்குத் தடை போட்டிருக்கிறாள். துருத்தியை நான் நேரில் பார்த்ததும் இல்லை.)

‘மாமா அழவில்லை.’

இது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்ப நாள் வைத்திருந்தேன். ஆனால் மாமா அழுதார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அக்கா ஹாலில் இருந்தபடியே, “தண்ணி வீணாப் போகுதுங்க!” என்று குரல் கொடுத்தாள். குழாய் நின்றது. கதாபாத்திரமாக மாமாவை வைத்துக்கொண்டு எழுதுவதில் இதுதான் தொல்லை. அவரைப் பற்றி எந்த வாக்கியம் அழகாக வந்தாலும் அது பொய்யாகிவிடுகிறது.

அவர்மேல் எனக்கு வேறு சந்தேகமும் உண்டு. இவ்வளவு நல்லவரை வாசகர் நம்புவாரா? சின்ன வயதில் நான் மங்கலான வெளிச்சத்தில் படுத்துக்கொண்டு படிப்பேன். வேறு வீடாக இருந்தால் புத்தகத்தைப் பிடுங்கியிருப்பார்கள். இவர் ஸ்டூல் போட்டு ஏறி பல்பை மாற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார். இதைக் கதையில் வைத்தால் யாராவது ஒரு விமர்சகர், ‘பாத்திரத்தில் நிழலே இல்லை’ என்று எழுதுவார். நிழல் வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: நர்ஸ் பேசிய நாளிலிருந்து, அக்கா அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவர் எழுந்து போய்விடுகிறார். ஒவ்வொரு முறையும் கடையில் மறந்துவிட்டு வந்த ஏதோ ஒன்று நினைவுக்கு வந்துவிடுகிறது.

5

எனக்காகப் பேச யார் என்பதை அக்கா எப்படி முடிவு செய்யப் பார்த்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

(மேலே உள்ள வாக்கியத்தில் ‘தனக்காக’ என்று வர வேண்டும். ‘எனக்காக’ என்று எழுதிவிட்டேன். அடிக்காமல் விட்டுவைக்கிறேன். ஏன் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியும்.)

“டெஸ்ட் வைக்கப் போறேன்,” என்றாள் அக்கா. மூன்று பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். “நாளைக்கு நீங்க. அதுக்கு மறுநாள் நியூட்ரல். என்னைப் பயிற்சி வண்டியில உக்கார வச்சு எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்.”

“எங்க?” என்றார் மாமா.

“அதுதான் டெஸ்ட். எனக்கு எங்க போகணும்னு இருக்கோ அங்க. வண்டி நகர ஆரம்பிச்சதும் நான் வாயத் திறக்க மாட்டேன். திரும்பி வந்து என்ஜின நிறுத்துற வரைக்கும் ஊமை. பிரேக்லயும் கால் வைக்க மாட்டேன்.”

“இது என்ன விளையாட்டு,” என்றார் மாமா.

“விளையாட்டுதான். நிஜமா நடக்குறப்ப விளையாட முடியாதுல்ல.”

மாமா கடையில் எதையோ மறந்துவிட்டு வந்ததாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

ஆனால் மறுநாள் சொன்னபடி ஓட்டினார். எங்கே தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு. அவசரப் பிரிவு வாசலுக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்தி, அக்காவுக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, இருட்டும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

“ஏன் மாமா அங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல. எதுக்கும் பக்கத்துல இருக்கலாமேன்னு.”

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். “போற வழியில பச்சை விளக்குக்கெல்லாம் பிரேக் போட்டாரு. பின்னாடி வந்தவன் எங்க ரெண்டு பேரோட வம்சத்தையும் விசாரிச்சிட்டுப் போனான்.”

6

(இந்தப் பகுதியை அக்கா எடுக்கச் சொன்னாள். இதில் அவள் சன்னலோரம் உட்கார்ந்து பழைய நாட்களைப் பற்றி நிதானமாகப் பேசினாள். “நான் எப்படி இவ்வளவு நேரம் டிவி பாக்காம இருந்தேன்?” என்பது அவளுடைய ஆட்சேபம். “இதுல நான் ரொம்ப நல்லவளா வேற இருக்கேன். படிக்கிறவங்க பின்னாடி என்னைப் பாத்தா ஏமாந்துடுவாங்க.”)

7

என் முறை.

எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. முந்தின நாள் மாமா ஆஸ்பத்திரிக்குப் போனதைக் கேட்டபோதே உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரு மனிதருக்குக் கற்பனை இல்லாமல் போகலாம், அதற்காக இவ்வளவா? எத்தனை நாவல் படித்திருக்கிறேன். உடல் தளர்ந்த ஒரு பெண், தான் போக விரும்பும் இடத்தை வாயால் சொல்ல முடியாத நிலையில், எங்கே போக விரும்புவாள்? தண்ணீர் இருக்கும் இடத்துக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சிறிய சிலிண்டரை அக்காவின் கால்களுக்கு நடுவில் நிறுத்தினேன். அவள் சீட் பெல்ட் போடுவதற்குள் நான் சாவியைத் திருப்பியாயிற்று. பெல்ட்டைப் போட்டாள், கழற்றினாள், மூக்குக் குழாய் சிக்கிக்கொண்டது என்று விடுவித்தாள், மறுபடியும் போட்டாள். “கிளம்பலாமாக்கா?” என்றேன். என்னைப் பார்த்தாள். “கிளம்பு” என்றாள். வண்டி நகர்ந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

நாற்சந்தியில் என்ஜின் அணைந்துபோனது. பின்னால் இருந்து ஹாரன்கள். பழக்கத்தில் அக்காவின் பக்கம் திரும்பினேன். என்னைத் திட்டாத அக்காவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படியோ கிளப்பி, ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஏரி அன்று மிக அழகாக இருந்தது. அதை ஒன்றரைப் பக்கம் வர்ணித்திருந்தேன், இப்போது எடுத்துவிட்டேன். அந்த ஒன்றரைப் பக்கத்தில் அக்கா ஒரு வரியில்கூட இல்லை.

அவள் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டேன். காற்று அடித்தது. அக்கா முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டாள். ஏதோ நெகிழ்ச்சி என்று நினைத்தேன். இருமினாள். அதையும் நெகிழ்ச்சியில் சேர்த்துக்கொண்டேன்.

நாயோடு நடந்து வந்த ஒரு பெண் எங்கள் அருகில் நின்றாள். அக்காவின் மூக்குக் குழாயைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். “அவங்களுக்குக் குளிருது போல இருக்கே, கண்ணாடிய ஏத்தி விடலாமே?”

“இல்லங்க,” என்றேன். “அவங்களுக்குக் காத்துன்னா ரொம்பப் பிடிக்கும்.”

அந்த வாக்கியத்தை நான் சொன்ன விதத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. எவ்வளவு கனிவாகச் சொன்னேன்! அந்தப் பெண் என்னை நம்பிவிட்டாள். “பாவம், நல்லாப் பாத்துக்குறீங்க” என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனாள். அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். பேசவில்லை. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவள். ஆனால் அவள் கண்கள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதினால் இந்தக் கதையை எந்தப் பத்திரிகையும் போடாது.

8

வீட்டு வாசலில் என்ஜினை நிறுத்தினேன்.

“எனக்கு ஒண்ணுக்கு வருது,” என்றாள் அக்கா. “ஏரியில இருந்தே வருது. என்னைத் தூக்கு முதல்ல.”

போய்விட்டு வந்து நாற்காலியில் சாய்ந்து, மூச்சு சீராகும் வரை காத்திருந்துவிட்டு ஆரம்பித்தாள்.

“தண்ணியப் பாத்தா எனக்குத் தலை சுத்தும்னு உனக்குத் தெரியாது?”

“தெரியாது.”

“காத்து பட்டா இருமல் வரும்னு?”

“...தெரியும்.”

“அப்புறம் யாரடி கூட்டிட்டுப் போன ஏரிக்கு? எனக்கென்னவோ பக்கத்துல வேற ஒருத்தி உக்காந்திருந்த மாதிரியே இருந்துச்சு. ஒல்லியா, அழகா, வெளிநாட்டுக்காரி மாதிரி.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். “உனக்கு எங்க போகணும்னு இருந்துச்சு?”

“லைசென்ஸ் டெஸ்ட் எடுக்குற மைதானத்துக்கு. ஓரமா நிழல்ல வண்டிய நிறுத்திட்டு, ஒவ்வொருத்தனும் ரிவர்ஸ்ல கம்பத்த இடிக்கிறதப் பாத்து, வயிறு வலிக்கச் சிரிச்சிட்டு வந்திருப்பேன். எத்தன மாசம் ஆச்சு.”

வாசகரே, எந்த நாவலில் வரும் இது?

“சொல்லியிருக்கலாம்ல,” என்றேன்.

“நீ கேட்டியா? வண்டி நகர்ந்தப்புறம்தான் பேச மாட்டேன்னேன். அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் அந்த பெல்ட்டோட மல்லுக்கட்டினேன்! போட்டேன், கழட்டினேன், மறுபடி போட்டேன். ‘எங்கக்கா போகணும்?’னு ஒரு வார்த்தை. மாமாகிட்டயும் அதே நாடகம்தான். அவராவது நாள் முழுக்க ஊரையே இதுவா அதுவான்னு கேக்குற ஆளு. பொண்டாட்டின்னு வந்தா அந்தக் கேள்வி மறந்துபோச்சு.”

“நீயா சொல்லியிருக்கலாம்க்கா. கேக்கணும்னு எதுக்குக் காத்திருந்த?”

அவள் குழாயைக் காதுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டாள்.

“யாராவது கேட்டாத்தான் அது நிஜம். நானா சொன்னா, என்னமோ நானே முடிவு பண்ணிக் கிளம்பிட்ட மாதிரி இருக்கு. பயமா இருக்குடி.” பிறகு, அவ்வளவு நேரம் நல்லவளாக இருந்துவிட்டது தாங்காமல், “ரெண்டு பேரும் ஃபெயில். அவரு ஆஸ்பத்திரிக்கு, நீ ஏரிக்கு. அவங்கவங்க பயத்துக்கும் ஆசைக்கும் என்னை ஏத்திக்கிட்டு ஓட்டியிருக்கீங்க” என்றாள்.

[எழுதுகிறவளுக்கு இதில் ஒரு தொழில் அவமானமும் இருக்கிறது. பேசாதவர்களுக்காகப் பேசுவதுதான் கதை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்றும் நினைத்தேன். நான் உருவாக்கிய பெண்களில் ஒருத்திகூட இதுவரை என்னிடம் ‘குளிருது, கண்ணாடியை ஏற்று’ என்று சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் ஒரு நாளும் யோசித்ததும் இல்லை.]

9

மறுநாள் மத்தியானம் மாமா கடையில் இருந்தார். நானும் அக்காவும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். நான் கேட்டேன். கேட்டது மட்டும்தான் என் வேலை. இந்தப் பகுதியில் ஒரு சொல்கூட என் சொந்தச் சரக்கு இல்லை.

“ரொம்ப முடியாமப் போனா, வீட்டுலயே இருக்கணுமாக்கா?”

“இல்ல. ஆஸ்பத்திரி.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எல்லாரும் வீடுதான் கேப்பாங்கன்னு நான்...”

“நிறைய பேர் கேப்பாங்க. எனக்கு வேண்டாம். எங்க ரூம்ல நான் செத்துப்போனா, அப்புறம் அந்த ரூம்ல மாமா எப்படித் தூங்குவாரு? ஹால்லயே சோபாவுல சுருண்டுக்குவாரு. அவரு முதுகுக்கு அது ஆகாது.”

(ஆக, அன்று ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திய மனிதர் பாதி பாஸ். இதை அவரிடம் சொல்லக்கூடாது என்று அக்கா உத்தரவு. சொன்னால் தினமும் அங்கே கூட்டிக்கொண்டு போவாராம்.)

“மூச்சு மெஷின்?”

“சளி, காய்ச்சல்னு ஏதாவது வந்து, அது சரியானா நான் திரும்பி வருவேன்னு டாக்டர் சொன்னாருன்னா, கொஞ்ச நாள் போட்டுப் பாக்கட்டும். திரும்ப மாட்டேன்னு தெரிஞ்சுட்டா போடக்கூடாது. போட்டிருந்தா எடுத்துடணும். மூச்சுத் திணறல் தெரியாம இருக்க மருந்து மட்டும் குடுக்கட்டும், தூங்கிக்கிறேன்.”

“திரும்பி வர்றதுன்னா? எது வரைக்கும் வந்தா திரும்பி வந்த மாதிரி?”

இதுதான் நர்ஸ் கேட்ட கேள்வி. ஒளி போதுமென்று யாருக்குத் தோன்ற வேண்டும். இந்த முறை நான் அதைப் பறவை இல்லாமல் கேட்டேன்.

அக்கா நிறைய நேரம் யோசித்தாள். “நடக்கலன்னா பரவால்ல. படுத்தே கிடந்தாலும் பரவால்ல. எதிர்ல நிக்கிறது யாருன்னு தெரிஞ்சு, அவங்களத் திட்டுற அளவுக்குத் தெளிவு இருக்கணும். திட்டத் தெரியலன்னா அது நான் இல்ல.”

“சாப்பாடு?”

“முடியுற வரைக்கும் வாயால. மாமா ஊட்ட வேண்டாம். ஊதி ஊதி ஐஸாக்கிடுவாரு.”

வாஷிங் மெஷின் கையேட்டைப் போலவே எழுதினேன். சத்தம் வந்தால் நிறுத்து. தண்ணீர் ஒழுகினால் ஆளைக் கூப்பிடு. அக்கா வாங்கிப் படித்தாள். “ம்” என்றாள். அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்களுக்கு அந்த ‘ம்’ எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

இன்னும் அந்த ஒரு கேள்வி மட்டும் மேசைமேல் பாக்கி இருந்தது. தனக்காகப் பேசுகிற ஆள் யார் என்பது. அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போனேன். கழுவிய கோப்பைகளைத்தான் கழுவினேன்.

10

இந்த இடத்தில் கதைக்கு ஒரு முடிவு வேண்டும். சில முடிவுகளைத் தயாராக வைத்திருக்கிறேன்.

அ) புது மருந்து வருகிறது, அக்கா பிழைத்துக்கொள்கிறாள். போனில் கேட்டேன், நர்ஸ் இதை அனுமதிக்கவில்லை. “அதெல்லாம் எழுதாதீங்கம்மா, படிக்கிறவங்க எங்ககிட்ட வந்து மருந்து பேரு கேப்பாங்க.”

ஆ) மாமா கடையிலிருந்து வருகிறார். சட்டையைக்கூட மாற்றாமல் அக்காவின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடையில் கேட்கும் அதே குரலில், “இதுவா, அதுவா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இந்த முடிவை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் நன்றாக வந்தது. மாமாவைப் பற்றி நன்றாக வரும் வாக்கியங்களுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். நேற்று சாயங்காலம் அவர் வந்தார், மேசைமேல் இருந்த அந்தப் பக்கத்தைத் தொடாமல் அதைச் சுற்றித் துடைத்தார், சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார், “தேநீர் போடவா?” என்றார்.

இ) நான் நிமிர்ந்து நின்று, கணீரென்ற குரலில்

வேண்டாம். அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஈ) உங்களிடம் கொடுத்துவிடுவது. எனக்குப் பிடித்த கதைகளில் இப்படித்தான் செய்வார்கள். கடைசிப் பக்கத்தில் வாசகரின் கையில் சாவியைத் திணித்துவிட்டு, எழுத்தாளர் பின்கதவு வழியாக நழுவிவிடுவார். எவ்வளவு நாகரிகமான தப்பித்தல் என்று நான் மெய்மறந்து போயிருக்கிறேன். உங்களிடம் தரத்தான் ஆசை. நீங்கள் நல்லவராகவும் தெரிகிறீர்கள், இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். ஆனால் அவள் கேட்டது உங்களிடம் இல்லை.

இதுவரை எழுதியதை அக்காவிடம் காட்டிவிட்டேன். “எப்ப முடிப்ப?” என்றாள். “இன்னும் கொஞ்சம் இருக்கு” என்றேன். நேற்று மத்தியானத்திலிருந்து நான் இந்தக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும் வரை வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம் அல்லவா?

11

நேற்று மத்தியானம், கோப்பைகளைக் கழுவி நான் தண்ணீரை நிறுத்தியதும் அக்கா சொன்னாள்.

“திரும்புடி. முதுகப் பாத்துப் பேச எனக்கு மூச்சு பத்தாது.”

திரும்பினேன். கையைத் துடைக்கத் துணி தேடினேன். அது தோளிலேயே இருந்தது.

“எழுதிட்ட. நல்லா எழுதிட்ட. ஆனா அந்தக் காகிதத்துக்கு வாய் கிடையாது. அன்னிக்கு அங்க என்ன நடக்கும்னு எனக்கு இப்பவே தெரியும். மாமா டாக்டரோட கையப் பிடிச்சுக்குவாரு. ‘எல்லாத்தையும் போடுங்க, எவ்வளவு நாள் ஆனாலும் பரவால்ல, அவ மட்டும் இருந்தாப் போதும்’னு சொல்லுவாரு. அங்க குழாயெல்லாம் கிடையாது, திறந்து விட்டுட்டு அழ. எல்லாரு முன்னாடியும்தான் அழுவாரு. அந்த மனுஷன் அழுறத நீ நேர்ல பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். பாத்தா அவரு கேக்குறத எல்லாம் குடுத்துடணும்னு தோணும். டாக்டருக்கும் தோணும்.”

“அக்கா...”

“இரு, ஒரே மூச்சுல சொல்லிக்கிறேன். உனக்கு அவரு யாருன்னு எனக்குத் தெரியும். அவரு மனசு நோக நீ இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதனாலதான் வேற யார்கிட்டயாவது சொல்லலாமான்னு யோசிச்சேன். வேற யாரு சொன்னாலும் அவரு தாங்க மாட்டாரு. உன்ன மட்டும்தான் அப்புறமும் பக்கத்துல உக்கார விடுவாரு.”

ஃபிரிட்ஜ் ஒரு முறை உறுமிவிட்டு அடங்கியது. அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேசைமேல் என் பக்கமாகக் கையை நீட்டினாள்.

“அவரு எதிர்ல நின்னு, அவரு முகத்தப் பாத்து, ‘மாமா, அக்கா இது வேண்டாம்னு சொல்லியிருக்கா’ன்னு நீ சொல்லணும். சொல்லிட்டு அவரத் தனியா விட்டுட்டுப் போகக்கூடாது. எனக்காக இத மட்டும் செய்வியாடி?”